வேல்ஸ் தேசத்துப் பங்காளிகள்

(தோஹா, நஜ்மா தமிழ் வட்டத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஜெயசீலன் பேசியது. மார்ச், 2005.)

நடுநிலை தவறாத நாற்காலியில் நெடுநாளாய் வீற்றிருக்கும் தலைவர், பெரியவர் சதக்கத்துல்லா அவர்களே! வாரமெல்லாம் வெயிலோடு மல்லுக்கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமைத் தூக்கத்தைத் தமிழுக்குத் தந்திருக்கும் சான்றோர்களே! சனாயா தொழிற்பேட்டையிலிருந்து கேம்ப் பஸ்ஸில் நின்றபடியே வந்து, இங்கும் இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் தோழர்களே! வலப்பக்க வரிசைகளில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அவர்களுள் மூத்தவர், நமக்கெல்லாம் சோறு போட்டு மறைந்த அகமது கபீர் காக்காவின் துணைவியார், அஸ்மத் சாச்சி அவர்களே!

முன்வரிசையின் ஒரு கோடியில் அமர்ந்திருக்கும் ஜாபர் காக்கா அவர்களே! மறுகோடியில் அமர்ந்திருக்கும் ஹஸ்னைன் அவர்களே! உங்கள் இருவருக்கும் நடுவே, யாரும் உட்காரத் துணியாத காலி நாற்காலிகளே!

உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் சலாமும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாற்காலிக்கு வணக்கம் சொன்ன முதல் பேச்சாளன் நானாக இருக்கலாம். ஆனால் இன்று என் பேச்சு அந்த நாற்காலிகளிடம்தான்.

இந்த வட்டத்தில் பேச்சாளன் தலைப்பைத் தேடிப் போவதில்லை. தலைப்பு சட்டியிலிருந்து வருகிறது. கபீர் மெஸ்ஸின் பழைய பிரியாணிச் சட்டியில் சீட்டுப் போட்டுக் குலுக்குகிறோம். எனக்கு வந்த சீட்டு, "அரசாண்ட ஒரு குடும்பம்".

யாரது பின்னால்? "தம்பி, ராஜராஜனா ராஜேந்திரனா, சீக்கிரம் சொல்லுங்க" என்கிறார். இருவரும் இல்லை அண்ணே. வேல்ஸ். "அது எங்கப்பா இருக்கு?" இங்கிலாந்தின் மேற்குத் தோளில் இருக்கிறது. மலைநாடு. வருடம் முழுக்க மழை. "அப்ப அடுத்த லீவுக்கு அங்கயே போயிரலாம்" என்கிறார். போகலாம். நம்மை விசா கொடுத்துக் கூப்பிட்ட கஃபீல் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால்.

எனக்கு வேல்ஸ் வந்த வழியைச் சொல்கிறேன். என் சைட்டில் ஒரு இன்ஜினியர். ஒருநாள் டீ நேரத்தில் அவரை "நீங்கள் இங்கிலீஷ்காரர்தானே" என்று கேட்டுவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். முகம் சிவந்தது. "நான் வேல்ஸ்காரன்" என்றார். என்ன வித்தியாசம் என்றேன். தஞ்சாவூர்க்காரனும் தலைச்சேரிக்காரனும் இங்கே அரபிக்கு ஒரே ‘ஹிந்தி’, அதாவது இந்தியன்தான். அப்படிக் கூப்பிட்டால் ‘நான் தமிழன்’ என்று நாம் திருத்துகிறோமே, அந்த வித்தியாசம்தான் என்று எனக்குப் பட்டது. எங்களுக்கும் இளவரசர்கள் இருந்தார்கள் என்றார். என்ன ஆனார்கள் என்றேன். டீயைக் குடித்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

வரலாறு படித்தவன் நான். பதில் கிடைக்காத கேள்வி எனக்கு ஆகாது. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு சந்தேகம். நான் படிப்பது வேல்ஸா, நஜ்மாவா?

ஏன் என்று சொல்கிறேன். இங்கே எல்லோருக்கும் தெரிந்ததை ஒருமுறை உரக்கச் சொல்கிறேன்.

கபீர் காக்கா போய்விட்டார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்துவிட்டது. அவருக்கு இரண்டு குடும்பம். கீழக்கரையில் ஜுலைஹா பீவி பெற்றவர் ஜாபர் காக்கா. இங்கே அஸ்மத் சாச்சி பெற்றவர் ஹஸ்னைன். மகன்களுக்குள் பங்கில் பேதமில்லை என்று மார்க்கம் சொல்லிவிட்டது. ஆனால் மெஸ்ஸின் லைசென்ஸ் என்ன சொல்கிறது? அதில் கபீர் காக்காவின் பெயரே இல்லை. கஃபீலின் பெயர் இருக்கிறது. அம்மையப்பன் அண்ணன் முதலாக அடுப்படியில் நிற்கும் அத்தனை பேருடைய விசாவும் அந்த லைசென்ஸில்தான் தொங்குகிறது. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு இந்த இருவரும், கஃபீல் ஆட்களைச் சந்திக்கும் மஜ்லிஸுக்குப் போகப்போகிறார்கள். தனித்தனியாக. தனித்தனி வண்டியில். "கடையை என்னிடம் கொடுங்கள், அவனை அனுப்பிவிடுங்கள்" என்று கேட்க. நஜ்மாவில் இது தெரியாத பூனை கிடையாது.

தலைவர் மணியடிக்கிறார். நேரம் முடியவில்லையே தலைவரே? "வேல்ஸப் பேசுங்க தம்பி. வீட்டப் பேசாதீக" என்கிறார்.

உத்தரவு. வேல்ஸையே பேசுகிறேன்.

வேல்ஸின் வடக்கே குவினெத் என்றொரு நாடு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு அதை ஆண்டவன் ஓவைன். மலையைப் போன்றவன். மலைக்கும் மரணம் உண்டு. அவன் கண்ணை மூடினான். மூத்த மகன் ஹவெல், ஓர் அயர்லாந்துப் பெண் பெற்றவன். வாளும் வீசுவான், பாட்டும் கட்டுவான். இன்னொரு தாயின் மகன்கள் இருவர் இருந்தார்கள். அந்த வருடமே, கடலோரத்தில் ஒரு சண்டை. தம்பிகளின் படை அண்ணனைக் கொன்றது. சரி, ஒழிந்தான் பங்காளி. இனி அமைதிதானே? இல்லை. கொன்ற தம்பிகள் இருவரும் ஒரு தாய் மக்கள். சில வருடத்தில், அதில் ஒருவன் மற்றவனைச் சங்கிலியில் கட்டினான்.

ஒரு பங்காளி போனால் இன்னொரு பங்காளி பிறக்கிறான் ஐயா! பங்காளியை ஒழித்தவன் உலகில் உண்டா? கண்ணாடியில் பார்த்தால் அங்கும் ஒருவன் நிற்கிறானே!

(கைதட்டல்)

கைதட்டாதீர்கள். இது கைதட்டுகிற கதை இல்லை.

அடுத்த கதைக்கு வருகிறேன். அந்த ஓவைனின் பேரன், லுவெலின் என்றொரு பேரரசன். அவனுக்கும் இரண்டு மகன்கள், இரண்டு தாய்கள். மூத்தவன் கிரிஃபித். இளையவன் பெயர் டாவித். நம்மூர் தாவூதுதான், மழையில் நனைந்து டாவித் ஆகிவிட்டது. தகப்பன் நினைத்தான். நாட்டை வெட்டினால் நலியும், ஒருவனிடமே இருக்கட்டும். இளையவன் பக்கம் எல்லோரையும் சத்தியம் செய்ய வைத்தான். தகப்பன் போனதும் தம்பி ஆண்டான். அண்ணன் சிறையில்.

இனி வருவதைக் கவனியுங்கள்.

கிரிஃபித்தின் மனைவி செனனா. அவள் யாரிடம் போனாள்? இங்கிலாந்து ராஜாவிடம் போனாள். "என் கணவனை விடுவித்துக் கொடுங்கள், அவர் பங்கை வாங்கிக் கொடுங்கள்" என்றாள். ராஜா மறுக்கவில்லை. மரியாதையாக உட்காரவைத்திருப்பான். அவள் பிணையாகத் தன் சின்ன மகன்களையே கொடுத்தாள். ராஜா படையெடுத்தான். டாவித்தை மண்டியிட வைத்தான். சிறைக்கதவைத் திறந்தான். கிரிஃபித்தை வெளியே கொண்டுவந்தான்.

கொண்டுவந்து? மனைவியிடமா கொடுத்தான்?

லண்டன் கோட்டையில், தன் சிறையில் வைத்துக்கொண்டான்.

ஏன்? கிரிஃபித் கையில் இருக்கும்வரை டாவித் தலைதூக்க மாட்டான். ஒரு சகோதரனைக் காட்டி மற்ற சகோதரனைக் கட்டிப்போடலாம். கெட்டவனா அந்த ராஜா? எனக்குத் தெரியாது. ராஜா. அவ்வளவுதான். இவர்கள் சேர்ந்து நின்றால் அவனுக்கு நெருக்கடி. பிரிந்து வந்தால் அறுவடை. இருவரும் தனித்தனியாக வந்து வாசலில் நின்றால், எந்த ராஜாதான் வாசலை மூடுவான்?

கிரிஃபித் மூன்றாம் வருடம் தப்பிக்கப் பார்த்தான். விரிப்புகளைக் கிழித்துக் கயிறாக முடிந்து, கோபுரத்திலிருந்து இறங்கினான். பெருத்த உடம்பு. கயிறு அறுந்தது.

அஸ்மத் சாச்சி எழுந்துவிட்டார்கள். என்ன சாச்சி?

"என்னையவா தம்பி சொல்றீக?"

இல்லை சாச்சி. செனனாவைச் சொல்கிறேன். எழுநூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனவள்.

"மழுப்பாதீக. நான் கஃபீல் வீட்டுக்குப் போனது நெசந்தான். அவுக பொண்டாட்டிகிட்ட என் புள்ளைக்காகத்தான் பேசுனேன். பெத்தவ பேசாம யாரு பேசுவா?"

யாரும் பேசமாட்டார்கள். செனனாவும் அதைத்தான் நினைத்தாள். உங்கள் மீது எனக்குக் குறையில்லை சாச்சி. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அம்மா என்ன சொன்னார்கள்?

சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்கிறார்கள்.

"கஹ்வா காப்பி குடுத்தாக. ‘இன்ஷா அல்லா, நீ கவலப்படாத’ன்னாக. அப்பறம், ‘பெரியவனும் நேத்து வந்து இதத்தான் கேட்டான்’னு சொல்லிச் சிரிச்சாக."

கேட்டீர்களா? நான் கூட்டிச் சொல்லவில்லை. சிரித்தார்கள்.

நம் கஃபீல் கெட்டவர் இல்லை. ரமலானில் நமக்குப் பேரீச்சம்பழம் அனுப்புபவர். கபீர் காக்காவின் ஜனாஸாவுக்கு அபூஹமூர் அடக்கத்தலத்துக்கே வந்து, மண் அள்ளிப் போட்டவர். ஆனால் அவருக்கும் மகன் இருக்கிறான். ஆசிய விளையாட்டு வருகிறது என்று ஊரையே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நஜ்மா முனையில் ஒரு கடை என்றால் இன்று என்ன மதிப்பு என்று அந்த மகனுக்குத் தெரியும். மொபைல் கடை வைக்க இடம் பார்க்கிறான் என்று நம் காதுக்கே வந்துவிட்டது. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் கஃபீல் என்ன செய்வார்? "இரண்டு பேரும் வேண்டாம். கலாஸ், முடிந்தது" என்பார். அப்படிச் சொல்வது அவருக்கு எவ்வளவு சுலபம்!

ஜாபர் காக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார். எழுந்துவிட்டார். காக்கா, தயவுசெய்து.

"ஒனக்கு எதுக்குய்யா எங்க வீட்டு வெவகாரம்? நீ எங்க சொந்தமா, பந்தமா? ரெண்டு வேள சோறு திங்கிற ஆளு."

உண்மை. நான் சோறு தின்கிற ஆள். அந்த உரிமையில்தான் பேசுகிறேன். போன வாரம் மெஸ்ஸில் இரண்டு ரசம் வைத்தார்கள். ஒன்று நீங்கள் சொன்ன மிளகு ரசம். ஒன்று ஹஸ்னைன் சொன்ன தக்காளி ரசம். எவன் எந்த ரசத்தை ஊற்றுகிறான் என்று இரண்டு பக்க ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் மிளகு ரசம் ஊற்றினான் என்பதற்காக அவன் ரூமில் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மோரை ஊற்றிக்கொண்டேன். கோழை.

அம்மையப்பன் அண்ணனிடம் கேட்டேன், அண்ணே நீங்கள் எந்தக் கட்சி என்று. கரண்டியைத் தூக்கிக் காட்டினார். "கரண்டிக்கு ஏது தம்பி கட்சி? விசா கேன்சல்னா ரெண்டு ரசமும் ஏர்போர்ட் வரைக்கும்தான்."

உட்கார வேண்டாம் காக்கா. நின்றபடியே கேளுங்கள். கடைசிக் கதை.

செனனா பிணையாகக் கொடுத்தாளே சின்ன மகன்கள், அவர்களில் ஒருவன் பெயரும் டாவித். அவனுடைய அண்ணன், பாட்டன் பெயர் கொண்ட இன்னொரு லுவெலின், வளர்ந்து வேல்ஸ் முழுவதற்கும் இளவரசன் ஆனான். எப்படி ஆனான்? தன் அண்ணனையும் தம்பி டாவித்தையும் போரில் வென்று ஆனான். அண்ணனை இருபது வருடத்துக்கு மேல் சிறையில் வைத்தான். தம்பி டாவித் என்ன செய்தான்? ராஜாவிடம் போனான். அண்ணன் மன்னித்தான், திரும்பினான். மறுபடியும் போனான். அண்ணனுக்கு எதிராக ராஜாவின் படையில் நின்றான். அந்த வாசல் அவனுக்குப் பழகிய வாசல். சிறுவயதில் அவன் தாயே கொண்டுபோய் விட்ட வாசல்!

கடைசியில் ராஜா இருவரையுமே நெருக்கினான். அப்போதுதான் டாவித்துக்கு விளங்கியது. அண்ணன் பக்கம் வந்தான். சகோதரர்கள் சேர்ந்தார்கள்! கேட்கக் குளிர்கிறது அல்லவா?

நேரம் கடந்துவிட்டது ஐயா. நேரம் கடந்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் லுவெலின் ஓர் ஆற்றங்கரையில் விழுந்தான். அவன் தலை லண்டனுக்குப் போனது. அடுத்த வருடம் டாவித்தைப் பிடித்துக் கொன்றார்கள். டாவித்தின் மகன்கள் சின்னப் பிள்ளைகள். கோட்டைச் சிறையிலேயே வளர்ந்து, சிறையிலேயே முடிந்தார்கள். அதில் ஒருவனை இரவானால் மரக்கூண்டில் அடைக்கச் சொல்லி ராஜாவின் உத்தரவு. லுவெலினின் ஒரே மகள் தொட்டில் குழந்தை. தூரத்து மடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து இறந்தாள். மலையைப் பார்க்காமல்.

நாடு யாருக்குப் போனது? மூத்த தாரத்து மகனுக்கா? இளைய தாரத்து மகனுக்கா?

யாருக்கும் இல்லை. ராஜாவுக்குப் போனது.

நான் பல நாள் யோசித்தேன். இவர்கள் ஏன் அழிந்தார்கள்? சிலர் எழுதுகிறார்கள், நாட்டை மகன்களுக்குள் வெட்டியதால் அழிந்தார்கள் என்று. அப்படியானால் வெட்டாமல் ஒருவனுக்கே கொடுத்த லுவெலின் குடும்பம் ஏன் அழிந்தது? வெட்டியதால் இல்லை. வெட்டாததாலும் இல்லை. வெட்டுகிற கத்தியை வெளியாளின் கையில் கொடுத்தார்களே, அதனால்!

அந்த மக்களிடம் அருமையான ஒரு வழக்கம் இருந்தது. அவர்களே மறந்துவிட்டார்கள். தகப்பன் நிலத்தைப் பிரிக்கும்போது, வெட்டுபவன் இளைய மகன். முதலில் எடுப்பவன் மூத்த மகன். எவ்வளவு எளிது! இளையவன் ஏமாற்ற முடியாது. எது தனக்கு மிஞ்சும் என்று அவனுக்குத் தெரியாது. மூத்தவன் முறையிட முடியாது. எடுத்தவன் அவனே. அதற்கு ராஜா வேண்டாம். நீதிபதி வேண்டாம். கஹ்வா வேண்டாம்.

தலைவர் மணியில் கை வைத்திருக்கிறார். அடிக்கவில்லை. நன்றி தலைவரே.

நான் முடித்துவிட்டேன். இனி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஜாபர் காக்கா வாசல் பக்கம் போகலாம். போனால் யாரும் தடுக்க முடியாது.

…

ஹஸ்னைன் எழுந்திருக்கிறார். மைக் வேண்டுமா? வேண்டாம் என்கிறார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. அவர் சொல்வதை நான் சொல்கிறேன்.

"ஓகே. நான் கட் பண்றேன்" என்கிறார்.

அமைதி. தயவுசெய்து அமைதி.

"மெஸ், மாடி ரூம், குக் எல்லாரோட விசா. இது ஒரு சைடு. கேம்ப் ஆர்டர் எல்லாம், ரெண்டு வேன். இது இன்னொரு சைடு. காக்கா சூஸ் பண்ணட்டும். எது எடுத்தாலும் ஐ வோன்ட் ஃபைட்."

ஏன் முணுமுணுக்கிறீர்கள்? புரிகிறது. கேம்ப் ஆர்டர்தான் கொழுத்த பங்கு. விளையாட்டு அரங்கு கட்ட ஆள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, சோறு போய்க்கொண்டே இருக்கும். மெஸ் என்றால் தலைவலி. கஃபீல், லைசென்ஸ், விசா, முனிசிபாலிட்டி. மாடி ரூமில்தான் அஸ்மத் சாச்சி இருக்கிறார்கள். ஹஸ்னைன் எதை எதிர்பார்த்து வெட்டினார் என்று எல்லோருக்கும் தெரிகிறது. தலைவலியும் தாயும் தனக்கு. ஆர்டர் அண்ணனுக்கு.

ஜாபர் காக்கா கதவுப் பிடியில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

திரும்பினார். தம்பியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொல்கிறார்.

"மெஸ்ஸு."

ஹஸ்னைன் முகம் வெளுத்துவிட்டது. "காக்கா, அப்ப உம்மா?"

"உம்மாவுக்கு என்னடா? சாச்சி இருக்குற ரூம்புல சாச்சி இருப்பாக. யாரு எறங்கச் சொன்னா? நீ வேன எடுத்துக்க. சோறு என் அடுப்புல வெந்துதான் ஒன் வேன்ல ஏறணும். வேற எவன்கிட்டயாச்சும் ஆக்கச் சொன்னேன்னு தெரிஞ்சா கால ஒடச்சிருவேன்."

(கைதட்டல்)

இப்போது தட்டுங்கள்!

சகோதரர்களே, இது வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். கதை முடியவில்லை. லைசென்ஸ் இன்னும் கஃபீலின் பெயரில்தான் இருக்கிறது. அவர் சம்மதிக்கலாம். "கலாஸ்" என்றும் சொல்லலாம். அவர் மகன் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். ஆனால் இன்று அந்த மஜ்லிஸில் செருப்பைக் கழற்றப்போகிறவர்கள் ஒருவர் மீது ஒருவர் புகார் கொண்டுபோகவில்லை. ஒரே கோரிக்கையைக் கொண்டுபோகிறார்கள். அது போதுமா? தெரியாது. அதற்கு மேல் மனிதரிடம் என்ன இருக்கிறது?

போகிறார்கள். தோளில் கை போடவில்லை. ஹஸ்னைன் வண்டிச் சாவியை எடுக்கிறார், ஜாபர் காக்கா பின்னால் இறங்குகிறார். வழி விடுங்கள். படியில் நிற்பவர்கள் வழி விடுங்கள்!

அம்மையப்பன் அண்ணனும் எழுந்துவிட்டார். ராத்திரிச் சோற்றுக்கு உலை வைக்க வேண்டும். படி முனையிலிருந்து கீழே குரல் கொடுக்கிறார்.

"மொதலாளி, எத்தன பேருக்கு வைக்கட்டும்?"

கீழேயிருந்து ஜாபர் காக்கா: "எப்பவும் போல வையி."

இந்த மேடையைத் தந்த வட்டத்துக்கும், மணியை அடிக்காமல் பிடித்திருந்த தலைவருக்கும், உண்மையை ஒளிக்காமல் சொன்ன அஸ்மத் சாச்சிக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி. இறைவன் அந்த வண்டியோடு போகட்டும். ராத்திரி எல்லோரும் சாப்பிட வாருங்கள். வணக்கம். சலாம்.